மகிழ்ந்தால் சங்கீதம், துன்பப்பட்டால் ஜெபம்: விசுவாசத்துக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

"அக்கா, நல்லா இருக்கும்போது ஜெபிக்க மறந்துபோகுது. கஷ்டம் வந்தா ஜெபிக்கவே வரமாட்டேங்குது. அப்ப எப்பத்தான் ஜெபிக்கிறது?"

ஞானஸ்நானம் எடுத்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டது இது. நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சபை ஒன்றில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) நடத்துகிறேன். சபையில் முழு உறுப்பினராகச் சேர்கிறவர்களுக்கான திடப்படுத்தல் வகுப்புக்கும் உதவியிருக்கிறேன். வகுப்பில் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுக்கிறோம், பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை எழுந்தவுடன் என்ன செய்வது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், சிறுவயதில் விட்டுவிட்டு இப்போது திரும்பி வருகிறவர்கள் எல்லாருக்கும் பொருந்தும்.

யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனம் அவளுடைய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது: "உங்களில் ஒருவன் துன்பப்பட்டால் ஜெபம்பண்ணக்கடவன், ஒருவன் மகிழ்ச்சியாயிருந்தால் சங்கீதம் பாடக்கடவன்." இரண்டு நிலைமைக்கும் வேலை கொடுத்திருக்கிறார். ஆனால் முதல் வேலையைச் செய்யும் பலம் இரண்டாவது வேலையில்தான் சேர்கிறது என்பது என் அனுபவம். ஆகவே நல்ல நாட்களிலிருந்தே தொடங்குகிறேன்.

நேரம், இடம், புத்தகம்

ஒரு நாளில் பதினைந்து நிமிடம் போதும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கும் பெரியவர்களைப் பார்த்து அதே அளவில் தொடங்காதீர்கள். அவர்கள் அங்கே போய்ச்சேர நாற்பது வருடம் ஆகியிருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகா, பஸ் ஏறுவதற்கு முன்பா, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகா, உங்கள் வீட்டில் எந்த நேரத்துக்கு இடையூறு குறைவு என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நேரம் மாறாமலிருந்தால் மனது யோசிக்காமலே அங்கே வந்து உட்கார்ந்துவிடும். தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை தன் அறையில் முழங்காற்படியிட்டு ஜெபித்தான் என்று தானியேல் புத்தகம் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஜெபித்தால் சிங்கக் கெபியில் (குகையில்) போடுவோம் என்று சட்டம் வந்த பிறகு அவன் புதிதாக எதையும் தொடங்கவில்லை. "முன் செய்துவந்தபடியே" செய்தான். அந்த ஒரு சொல்லைக் கோடிட்டு வையுங்கள்.

முழங்காலில்தான் நிற்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகியவர்கள் அப்படியே உட்காரலாம். வேதாகமத்தில் நின்றும் ஜெபித்திருக்கிறார்கள், முகங்குப்புற விழுந்தும் ஜெபித்திருக்கிறார்கள், படுக்கையில் சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டும் ஜெபித்திருக்கிறார்கள்.

வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் முதலில் கடினமாகத் தோன்றும். "ஒத்தாசை", "பர்வதம்", "கெபி" என்று வரும். வாய்விட்டு வாசியுங்கள். அந்தத் தமிழ் கண்ணுக்குக் கடினம், காதுக்கு எளிது. இரண்டு வாரத்தில் பழகிவிடும், பிறகு அதிலிருந்து பிரிய மனம் வராது. கத்தோலிக்க சபையிலிருந்து வாசிப்பவர்கள் நான் சங்கீதம் என்று சொல்லும் இடத்தில் திருப்பாடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஒன்றுதான்.

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம். அதோடு ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம். 150 சங்கீதங்கள், ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். பழகிவிட்டால் வேகத்தைக் கூட்டலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் காலை மாலை என்று அறுபது பங்காகப் பிரித்து ஒரே மாதத்தில் வாசிக்க வைத்தது.

ஏன் சங்கீதம் என்று கேட்டால், மனிதன் கடவுளிடம் என்னவெல்லாம் பேசலாம் என்று அது பழக்குகிறது. நன்றி, கோபம், பொறாமை, பயம், பாவ அறிக்கை, தூக்கமில்லாத இரவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஒரு நாளைக்கு ஒன்று என்று போகும்போது நீங்கள் சந்தோஷமாக இருக்கும் நாளில் புலம்பல் சங்கீதம் வரும். பொருந்தவில்லையே என்று தாண்டிப் போகாதீர்கள். அன்றைக்கு அழுதுகொண்டிருக்கும் யாரையாவது நினைத்து அவருக்காக அதை வாசியுங்கள். நீங்கள் அழும் நாளில் துதிச் சங்கீதம் வரும். அதை வேறொருவர் உங்களுக்காக வாசித்துக்கொண்டிருப்பார்.

பதினைந்து நிமிடத்தில், முதலில் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி. பிறகு உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள். கடைசியில் பரமண்டல ஜெபம், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். சொந்த வார்த்தை என்றால் உங்கள் வீட்டு வார்த்தை. மேடையில் ஜெபிக்கிறவர்கள் வழங்கும் நீண்ட அடைமொழிகளைக் கடன் வாங்க வேண்டாம். "ஆண்டவரே, இன்னைக்கு இவருகிட்ட சண்டை போட்டுட்டேன், எனக்கே அசிங்கமா இருக்கு" என்பது முழுமையான ஜெபம்.

நல்ல காலத்துக்கு ஒரு நோட்டு

பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான் என்ற கதை லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆசாரியரிடம் காண்பிக்கச் சொன்னார், போனார்கள். அப்புறம் வீடு, பெண்டாட்டி பிள்ளை, விட்டுப்போன தொழில் என்று வாழ்க்கை அவர்களை இழுத்துக்கொண்டது. நமக்கும் அப்படித்தான். வேலை கிடைக்கும்வரை உபவாசம், கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட ஷிப்ட். "நீ புசித்துத் திருப்தியாகி" மறந்துபோகாதே என்ற எச்சரிக்கை உபாகமம் 8-இல் இருக்கிறது. பட்டினியைப் பற்றி வேதம் எவ்வளவு கவலைப்படுகிறதோ அவ்வளவு திருப்தியைப் பற்றியும் கவலைப்படுகிறது.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் ஒரு வரி, தேதி போட்டு. பெரிய அற்புதங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். "தண்ணீர் லாரி வந்தது." "அத்தை இன்று சிரித்துப் பேசினார்கள்." "சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது." பொதுவாக எழுதினால் பிறகு வாசிக்கும்போது ஒன்றும் தோன்றாது. "ஆரோக்கியத்துக்காக நன்றி" என்ற வரியைவிட "மாத்திரை இல்லாமல் தூங்கினேன்" என்ற வரி பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும்.

இந்த நோட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மனிதனுடைய ஞாபகம் துன்பத்தில் நம்பிக்கைக்கு உரியதல்ல. என் கணவர் நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது, கடவுள் எனக்கு வாழ்நாளில் ஒன்றுமே செய்ததில்லை என்று உண்மையாகவே நம்பினேன். நோட்டைத் திறந்தபோது என் கையெழுத்தே எனக்கு விரோதமாகச் சாட்சி சொன்னது. 77-ஆம் சங்கீதக்காரனும் இதையேதான் செய்கிறான். பாதிவரை "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ" என்று கேட்கிறான். பிறகு பூர்வகாலத்து அதிசயங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறான். அவனுக்கு நினைவுகூர இஸ்ரவேலின் சரித்திரம் முழுவதும் இருந்தது. நமக்குக் குறைந்தபட்சம் ஒரு நோட்டாவது இருக்கட்டும்.

நன்றி கையில் இறங்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், நிறைந்ததும் அது ஆலயத்துக்கோ ஊழியத்துக்கோ போகும். பணம் இல்லாத வீட்டிலும் சோறு பொங்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு நன்றியாகிவிடும். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துக் கொடுப்பதும், ஐயர் (சபைப் போதகர்) ஆராதனையில் பெயரை வாசிப்பதும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறுப்பின் பண்டிகையில் முதல் வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் வந்து சேர்ந்து ஏலம் போவதையும் பார்த்திருப்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஒரு தடவை உங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்த ஒன்றைக் கொண்டுபோய்ப் பாருங்கள், விஷயம் புரியும். தொகை எவ்வளவு என்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு. இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

சாட்சி சொல்வதிலும் ஒரு நிதானம் வேண்டும். உங்கள் பிள்ளைக்கு மருத்துவ சீட் கிடைத்தது, மகிழ்ச்சி. "ஜெபித்தேன், கிடைத்தது" என்று நீங்கள் சொல்லும்போது அதே அளவு ஜெபித்துக் கிடைக்காத தாய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லுங்கள், ஆனால் அவளை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்

இதை நல்ல நாளிலேயே செய்ய வேண்டும். உங்களுக்காக ஜெபிப்பவர்களாக, நீங்கள் சொன்னதை வெளியே சொல்லாதவர்களாக, உங்களைத் திருத்தத் தயங்காதவர்களாக இரண்டு பேர். ஒருவர் உங்களைவிட மூத்தவராக இருந்தால் நல்லது. வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனால் இப்படிப்பட்டவர்கள் மெல்ல அடையாளம் தெரிவார்கள். பெரும்பாலும் அதிகம் பேசாதவர்களாக இருப்பார்கள். மாற்கு 2-இல் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று இருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த நாலு பேரைப் படுத்த பிறகு தேட முடியாது.

துன்பம் வந்த முதல் வாரம்

முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். இதை நான் ஆவிக்குரிய ஆலோசனையாகவே சொல்கிறேன். எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டான், மறுபடி படுத்துத் தூங்கினான். இரண்டாவது தடவையும் எழுப்பிச் சாப்பிடவே சொன்னான். கடவுள் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தின் பின்பாதியில்.

பதினைந்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றாதீர்கள். வார்த்தை வராவிட்டாலும் அந்த இடத்தில் போய் உட்காருங்கள். அப்பா இறந்த வாரத்தில் எனக்கு ஜெபம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, ஜெபம்னா பேசணும்னு யாரு சொன்னா? வந்து உக்காரு, போதும்" என்றாள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் பவுல் எழுதியதைத்தான் அம்மா தன் பாஷையில் சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கொஞ்சம் பேச வந்ததும் 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, குற்றச்சாட்டாகவே வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. இதே அமைப்பில் உங்களுடையதை எழுதுங்கள். முதலில் இரண்டு வரி முறையீடு. மரியாதைக்காக அடக்கி வைக்காமல் எழுதுங்கள். பிறகு இரண்டு வரி, என்ன வேண்டும் என்று, தெளிவாக. கடைசி இரண்டு வரியை மனது ஒத்துக்கொண்டால் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இடம் விட்டு வையுங்கள், இன்னொரு நாள் நிரப்பலாம்.

இப்படிக் கேட்டால் பாவமாகாதா? புதியவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள், அதிலும் குறை சொல்லாமல் ஸ்தோத்திரம் சொல் என்றே கேட்டுப் பழகியவர்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று யோபு முதல் அதிகாரத்தில் சொன்னதை நாம் துக்க வீட்டில் எடுத்துச் சொல்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபித்ததை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள். கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களைத்தான். யோபு "நிதானமாய்ப் பேசினான்" என்கிறார். 88-ஆம் சங்கீதத்தில் கடைசிவரை விடியலே இல்லை, சிநேகிதர்கள் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். இயேசுவே சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவருடைய வாயில் சொந்த வார்த்தையாக வந்ததும் சிறுவயதிலிருந்து பாடிப் பழகிய வார்த்தைதான்.

எந்தச் சூழ்நிலைக்கு எந்தச் சங்கீதம் என்று எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். பயணம் கிளம்புமுன் 121. ஆஸ்பத்திரியில் 23. தூக்கம் வராத இரவில் 4, அல்லது 77. குற்ற உணர்வு அரிக்கும்போது 51. ஆழத்தில் கிடக்கும்போது 130. அழுதுகொண்டே இருக்கும் நாட்களில் 56. அதில் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்று ஒரு வரி வருகிறது. துருத்தி என்றால் தோல் பை. நாம் நன்மைகளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் நம் கண்ணீரை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

செய்யக்கூடாதவை

மருந்தை நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான். பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று வாக்குக் கிடைத்தது. வாக்குக் கிடைத்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் ஜெபமும் மருந்தும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு வல்லமையாக ஜெபிக்கிறவராக இருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் அவருக்குச் செவிகொடுக்காதீர்கள். மனச்சோர்வுக்கும் இதே விதிதான். வாழவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம். எலியாவும் அப்படி நினைத்தவர்தான், அதற்காகக் கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை.

பதற்றத்தில் பெரிய பொருத்தனை (நேர்ச்சை) பண்ணாதீர்கள். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-இல் இருக்கிறது. கடவுளிடம் பேரம் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

உங்கள் பாவத்தால்தான் இது வந்தது என்று தீர்ப்புச் சொல்பவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். பிறவிக்குருடனைப் பார்த்து இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். உங்கள் மனச்சாட்சியே உங்களை உறுத்தினால் அது வேறு விஷயம், 51-ஆம் சங்கீதத்தோடு போய் நில்லுங்கள். வெளியிலிருந்து வரும் விரலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கு வாக்குத்தத்த வசனம் கொடுப்பார்கள். சுவரில் மாட்டுங்கள், ஆனால் அதிர்ஷ்டச் சீட்டாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது வரும் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எரேமியா 29:11 பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தைய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. சுவரில் மாட்டிய ஒரு வரியைவிட இந்த முழுக் கடிதம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

துன்பம் நீண்டுபோனால்

முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். நாலாவது மாதம்தான் கடினம். பக்கவாதம், கடன், குழந்தையில்லாமை, குடிக்கிற கணவர் போன்றவற்றுக்கு முடிவு தேதி கிடையாது.

நாங்குநேரி தாண்டி, மேற்கு மலைத்தொடர் கண்ணுக்கெட்டும் தூரத்தில், டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே பெண்பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தார். 1931-இல் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை, இருபது வருடம், பெரும்பாலும் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சுகத்துக்காக அவரும் ஜெபித்தார், சுற்றியிருந்த அத்தனை பிள்ளைகளும் ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்து புத்தகம் எழுதினார், கடிதம் எழுதினார். இதை உங்களைத் தட்டி எழுப்புவதற்காகச் சொல்லவில்லை, எல்லாராலும் அப்படி முடியாது. ஜெபம் கேட்கப்படாததுபோல் இருக்கும் வருடங்களும் விசுவாச வாழ்க்கைக்கு வெளியே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நீண்ட துன்பத்தில் ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். பாட்டு வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடட்டும். விசுவாசப் பிரமாணம் "விசுவாசிக்கிறேன்" என்று தொடங்கும்போது உங்களுக்கு நிச்சயமில்லை என்றால் சபையின் குரலில் சாய்ந்துகொள்ளுங்கள். திருவிருந்துக்குப் போக முடியவில்லை என்றால் ஐயரிடம் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது அவருடைய ஊழியம்.

சபை ஆண்டுக்கே நல்ல காலமும் கெட்ட காலமும் உண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்கிச் சில வாரங்களில் லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலம், வந்துவிடும். ஞாயிறுகளைத் தவிர்த்து நாற்பது நாள். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணிவரை மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் கேட்டுக்கொண்டு வெயிலில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்போம். வீட்டில் எந்தக் குறையும் இல்லாத வருடத்திலும் உட்கார்ந்திருப்போம். மூன்றாம் நாள் இருட்டோடு எழுந்து ஈஸ்டர் ஆராதனைக்குப் போவோம், வீட்டில் சாவு விழுந்த வருடத்திலும் போவோம். இந்த ஒழுங்குக்குள் ஒரு வருடம் முழுவதும் இருந்து பாருங்கள். துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இது உடம்பைப் பழக்கிவிடும்.

துட்டி (துக்கம்) கேட்கப் போகும்போது

உங்கள் வீடு நன்றாக இருக்கும்போது இன்னொரு வீடு இருட்டில் இருக்கும். போய்ப் பாருங்கள். என்ன பேசுவது என்ற கவலை வேண்டாம். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்ததும் கெடுத்துக்கொண்டார்கள். "கர்த்தருடைய சித்தம்", "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கான்", "அழாதே, விசுவாசியில்லையா நீ?" இவற்றை விட்டுவிடுங்கள். சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பதுதான் ரோமர் 12:15 கொடுத்த கட்டளை. ஒரு தூக்குச்சட்டியில் ரசம் சோறு கொண்டுபோங்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுங்கள். ஜெபிக்கச் சொன்னால் சுருக்கமாக ஜெபியுங்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் திரும்பப் போங்கள், அப்போது யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

தேதி போடுங்கள்

அம்மா தன் வேதாகமத்தில் ஓரங்களில் பென்சிலால் தேதி போடுவாள். அன்றைக்கு எந்த இடம் அவளைத் தொட்டதோ அந்த இடத்தில் தேதி மட்டும், காரணம் எழுதமாட்டாள். அவள் போன பிறகு அந்தப் புத்தகம் என்னிடம் வந்தது. 103-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்துக்குப் பக்கத்தில், "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற இடத்தில், இரண்டு தேதிகள். ஒன்று அக்கா கல்யாணத்துக்கு மறுநாள். இரண்டாவது எதுவென்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. காலண்டரை எண்ணிப் பார்த்தேன், அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று. எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

இதுவும் புதியவர்கள் செய்யக்கூடியதுதான். பேனா வேண்டாம், தாள் மெல்லியது, மறுபக்கம் தெரியும். பென்சில் எடுங்கள். இன்று ராத்திரி 103-இல் தொடங்கலாம், இருபத்திரண்டு வசனம், வாய்விட்டு வாசிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும்.